இறங்கிய ஈறு திரும்ப ஏறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாக்கிலும் உதட்டிலும் அணியும் நகைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் இளைஞர் பகுதியில் அண்மையில் வெளியான படக்கட்டுரையைப் படித்தேன். நகைகளின் வடிவங்களையும் அவற்றை அணிந்தவர்களின் மகிழ்ச்சியையும் நிறைவாகச் சொன்ன அந்தக் கட்டுரையில், உடல்நலத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: குத்திய இடம் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்பது அந்த வரி. பல் மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவரும் எனக்கு, அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. தன் உடலை எப்படி அழகுபடுத்திக்கொள்வது என்பது அவரவர் விருப்பம். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், என்ன நேரக்கூடும் என்பதை முழுமையாகத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா?

முதலில் அந்த ஒரு வாரக் கணக்கு. நாக்கில் குத்தினால் ஒரு வாரத்தில் குறையத் தொடங்குவது வீக்கம் மட்டுமே; துளையின் உட்சுவர் ஆறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பு என்பதால் நாக்கு இவ்வளவு விரைவாக ஆறுகிறது. காது மடலின் மென்மையான கீழ்ப்பகுதிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களும், அதே காதின் மேற்பகுதியிலுள்ள குருத்தெலும்புக்குப் பல மாதங்களும், தொப்புளுக்கு ஓராண்டு வரையும் தேவைப்படலாம். எனினும், நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்தக் கால அளவுகளை அல்ல. தோலில் குத்திய துளை ஆறிவிட்டால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது, வாயில் அப்படியில்லை. புண் ஆறிய நாளிலிருந்துதான் அந்த உலோகம் பற்களோடும் ஈறுகளோடும் உரசும் வாழ்க்கை தொடங்குகிறது. பேசும்போதும் விழுங்கும்போதும் உறங்கும்போதும் அது உரசிக்கொண்டே இருக்கிறது.

நாக்கைத் துளைத்து அணியும் உலோகத் தண்டின் அடிப்பக்கத்துக் குமிழ், கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் போய்த் தட்டும். அந்த இடத்தில் ஈறும் அதன் அடியிலுள்ள எலும்பும் மிக மெல்லியவை. ஆண்டுக்கணக்கில் ஓயாமல் தட்டும்போது ஈறு சிறிது சிறிதாகக் கீழே இறங்கி, பல்லின் வேர் வெளியே தெரியத் தொடங்கும். உதட்டில் அணியும் நகையின் உட்பக்கத் தட்டு, இதே கேட்டைப் பற்களின் வெளிப்புறத்தில் செய்கிறது. போதாக்குறைக்கு, நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரக்கும் பகுதிக்கு அருகிலேயே உலோகம் இருப்பதால், அதன்மீது பற்காறை கல்லைப்போலப் படிந்து, வழவழப்பாக இருந்த குமிழைச் சொரசொரப்பாக்கிவிடுகிறது. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உதட்டு நகை அணிந்தவர்களில் 50 விழுக்காடு வரையிலும், நாக்கு நகை அணிந்தவர்களில் 44 விழுக்காட்டினரிடமும் ஈறு இறக்கம் காணப்பட்டதாகக் கூறுகிறது. பற்களில் சேதம் ஏற்பட்டவர்கள் முறையே 26 விழுக்காடும், 37 விழுக்காடு வரையும் இருந்தனர். இதை எங்கோ யாருக்கோ நேரும் அரிய விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பாதிப்பு வலிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஐந்து ஆண்டுகளாக நாக்கில் நகை அணிந்திருந்த இளம்பெண் ஒருவர், குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுகிறது என்று சொல்லி என்னிடம் வந்தார். நகையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பற்களின் உட்புறத்தைப் பார்க்கச் சிறு கண்ணாடியை வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கீழ்ப்பற்கள் இரண்டில் வேரின் பாதி வரை ஈறு இறங்கியிருந்தது. அதை நான் கண்ணாடியில் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வலித்திருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பேனே, டாக்டர்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இறங்கிய ஈறு தானாக மேலேறி வருவதில்லை. அண்ணத்திலிருந்து சிறிது திசுவை எடுத்து அந்த இடத்தில் ஒட்டும் அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால், அதற்கு அடியிலுள்ள எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமையும். நகையைக் கழற்றினால் இறக்கம் மேலும் கூடாமல் தடுக்கலாம், அவ்வளவுதான்.

பற்களுக்கு வரும் சேதம் வேறு வகையானது. வாயில் ஒரு பொருள் இருந்தால் அதைக் கடித்துப் பார்ப்பதும், பற்களுக்கு இடையில் வைத்து உருட்டுவதும் விரைவில் பழக்கமாகிவிடும். அணிந்தவருக்கே அது தெரியாது. இதனால் பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலில் மயிரிழை போன்ற விரிசல்கள் விழும், ஓரங்கள் சில்லுச்சில்லாகப் பெயரும். சில வேளைகளில் விரிசல் பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பகுதி வரை போய், வேர் சிகிச்சையில் வந்து நிற்கும். பிளாஸ்டிக் குமிழ் அணிந்தால் பல் உடைவது குறையலாம். ஆனால், ஈறின்மீது உரசுவது அதனால் நிற்காது. அத்துடன், பிளாஸ்டிக் குமிழ் உடைந்து வயிற்றுக்குள்ளோ மூச்சுக்குழாய்க்குள்ளோ போகவும் கூடும்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை எத்தனையோ பேருக்கு யாரும் சொல்வதில்லை. குத்திய முதல் நாட்களில் நாக்கு வீங்கும் என்பதால், அதற்கு இடம் விட்டு நீளமான தண்டைத்தான் முதலில் பொருத்துவார்கள். வீக்கம் வடிந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில், குத்தியவரிடமே திரும்பச் சென்று, அதை எடுத்துவிட்டு அளவான குட்டைத் தண்டை மாட்டிக்கொள்ள வேண்டும். பலர் திரும்பிப் போவதே இல்லை. தற்காலிகமாகப் போட்ட அந்த நீளத் தண்டே ஆண்டுக்கணக்கில் வாயில் இருந்து, ஈறையும் பல்லையும் தட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதிப்பில் ஒரு பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம் என்பது என் அனுபவம்.

குத்தும் நாளிலும் அதை ஒட்டிய நாட்களிலும் வரும் ஆபத்துகள் வேறு. நாக்கின் உள்ளே தமனியும் நரம்புகளும் ஓடுகின்றன. நடுக்கோட்டிலிருந்து விலகிக் குத்தினால் நிற்காத இரத்தப்போக்கும், நீடித்த மரத்துப்போன உணர்வும் சுவை மாற்றமும் ஏற்படக்கூடும். கிருமித் தொற்று நாக்கின் அடிப்பகுதிக்கும் தாடையின் கீழ்ப்பகுதிக்கும் பரவினால், அது உயிருக்கே ஆபத்தான நிலை. 1836இல் இந்நோயை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் பெயரால் மருத்துவர்கள் இதை 'லுட்விக் ஆஞ்சைனா' என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் சொத்தைப் பல்லிலிருந்து வரும் இந்த நோய், நாக்கில் குத்திக்கொண்ட பின்பும் வந்திருப்பதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தாடைக்குக் கீழே கழுத்து கட்டியாக வீங்குவது, நாக்கு மேலே தள்ளப்படுவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிவது, குரல் அடைப்பது, மூச்சுத் திணறுவது, காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வீக்கம் மூச்சுப்பாதையை அடைக்கச் சில மணி நேரமே போதும்.

சிலருக்கு இது தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய செயல். இதய வால்வில் குறை உள்ளவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள், பிறவி இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு, வாயிலுள்ள கிருமிகள் துளை வழியாக இரத்தத்தில் கலந்து இதயத்தின் உட்சவ்வைத் தாக்கும் அபாயம் இருக்கிறது. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், இத்தகையோர் உடலில் துளையிட்டுக்கொள்வதையும் பச்சை குத்திக்கொள்வதையும் ஊக்குவிக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோரும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த இடத்திலும் குத்திக்கொள்ளக் கூடாது. தோலில் புண் ஆறிய இடம் தடித்து மேடாக வளரும் கெலாய்டு தன்மை உள்ளவர்களுக்குக் காதும் மார்பும் குறிப்பாகத் தொல்லை தரும் இடங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் குத்திக்கொள்ள முடிவெடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களை விரட்டிவிடுவதால் யாருக்கும் நன்மை இல்லை. எங்கே, எதைக் கொண்டு, எப்படிக் குத்துகிறார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதே நன்மை. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ், உலர்ந்த இரத்தத்துளியிலும் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. எனவே, அதற்கான தடுப்பூசியை முன்கூட்டியே முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். ஊசி ஒரே முறை பயன்படுத்தக்கூடியதாக, கண்ணெதிரே உறை பிரிக்கப்படுவதாக இருக்க வேண்டும். மற்ற கருவிகள் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில், அழுத்தத்தோடு கூடிய நீராவியில், 121 பாகை செல்சியஸில் 15 நிமிடமோ 134 பாகையில் 3 நிமிடமோ வைத்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நீல ஒளி வீசும் புற ஊதாப் பெட்டியைக் காட்டினால் அதைக் கிருமிநீக்கம் என்று நம்ப வேண்டாம்; கொதிநீரும் ஸ்பிரிட்டும் அந்த வேலையைச் செய்யா.

ஸ்பிரிங் விசையால் குத்தும் துப்பாக்கி போன்ற கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள அத்தகைய கருவிகளை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. மேலும், மழுங்கிய முனையை விசையோடு திணிப்பதால் சுற்றியுள்ள திசு நசுங்குகிறது. வாயிலோ மூக்கிலோ காதின் குருத்தெலும்பிலோ அதைப் பயன்படுத்தவே கூடாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில், ஒரே கடையில் காதின் மேற்பகுதியில் குத்திக்கொண்டவர்களிடம் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாத் தொற்று பரவியது. 7 பேருக்கு அது ஆய்வகச் சோதனையில் உறுதியானது. கிருமிநாசினி என்று கடைக்காரர்கள் தெளித்த திரவத்தின் புட்டியிலேயே அந்தக் கிருமி வளர்ந்திருந்ததைப் புலனாய்வில் கண்டார்கள். குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அங்கே தொற்று நுழைந்தால் மருந்து போய்ச் சேர்வது கடினம், காதின் வடிவமே குலைந்துபோகும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, உடலில் பொருத்தும் மருத்துவத் தரமுள்ள டைட்டானியம்தான் முதல் தேர்வு. நியோபியமும், நிக்கல் கலவாத 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கமும் ஏற்கத்தக்கவை. 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற பெயர் நம்பிக்கை தருவதாக இருந்தாலும், அதன் பரவலான வகைகளில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் நிக்கல் இருக்கிறது. அது பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்குப் புண்ணை ஆறவே விடாது. ஐரோப்பிய ஒன்றியம், துளைக்குள் செருகும் நகையிலிருந்து வெளியேறும் நிக்கலுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராம் என்ற உச்சவரம்பை விதித்திருக்கிறது. முலாம் பூசியவற்றைப் புதுத் துளைக்குள் அணியவே வேண்டாம்.

குத்திய பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். கையை சோப்பால் கழுவாமல் நகையைத் தொடக் கூடாது. புண் ஆறுவதற்கு முன் நகையைத் திருகிச் சுழற்றக் கூடாது. உட்சுவரில் புதிதாகப் படரும் மெல்லிய தோல் ஒவ்வொரு சுழற்சியிலும் கிழிகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், களிம்பு ஆகியவை தோல் புண்ணுக்கு உதவுவதைவிடத் தீங்கே அதிகம் செய்கின்றன, 0.9 விழுக்காடு உப்பு கலந்த, கிருமி நீக்கிய உப்பு நீரே போதுமானது. உப்பைக் கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பது தவறு, அது புண்ணை எரித்துவிடும். வாயில் குத்தியவர்கள் ஒவ்வொரு முறை உண்ட பிறகும் ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷாலோ அந்த உப்பு நீராலோ கொப்பளிக்க வேண்டும். முதல் நாட்களில் சிறு ஐஸ் துண்டுகளை வாயில் கரையவிட்டு, தலையைச் சற்று உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறையும். புகை, மது, கொதிக்கும் சூடு, காரம் ஆகியவற்றைப் புண் ஆறும்வரை தள்ளி வைக்க வேண்டும். பிறர் எச்சில் படும்படியான எதையும் அந்த வாரங்களில் தவிர்க்க வேண்டும். ஆறிய பிறகும், குமிழின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று நாள்தோறும் சரிபார்ப்பதும், விளையாடும்போது கழற்றி வைப்பதும், பல் துலக்கும்போது நகையையும் சேர்த்துத் துலக்குவதும் வழக்கமாக வேண்டும். சீழ் வைத்துவிட்டால் பயந்துபோய் நகையைத் தாங்களாகவே உருவி எறிந்துவிடக் கூடாது; துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு கழற்றுவதே நல்லது.

துளையிடாமல் அணியும் நகைகள் ஆபத்தில்லாதவை என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. பல்மீது சிறு கல்லை ஒட்டுவதைப் பல் மருத்துவர் செய்தால், எனாமலைத் தயார் செய்து, அதற்குரிய பசையைப் பயன்படுத்தி, பிறகு சேதமின்றி எடுக்கவும் முடியும். கடைப்பசையால் வீட்டில் ஒட்டிக்கொண்டவர்களின் பல்லிலிருந்து அதை அகற்றும்போது எனாமலும் சேர்ந்து பெயர்வதை நான் பார்த்திருக்கிறேன். பற்களை மூடும் உலோக உறை அணிபவர்கள், உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அதன் அடியில் தேங்கும் உணவுத் துகளும் கிருமியும் சொத்தையை உண்டாக்கும். எல்லாவற்றிலும் எனக்கு அச்சமூட்டுவது, குத்தியதைப்போலத் தோன்றுவதற்காகப் பிள்ளைகள் நாக்கின் இரு பக்கமும் ஒட்டவைக்கும் சிறு காந்த மணிகள். தவறி ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி அவை ஒன்றையொன்று இழுத்து, இடையிலுள்ள குடல் சுவரை நசுக்கித் துளைத்துவிடும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2021 மே மாதத்தில் இது குறித்து நாடு தழுவிய எச்சரிக்கை வெளியிட்டது. குழந்தை காந்தத்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வயிற்றுவலி வரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நாக்கை இரண்டாகப் பிளந்துகொள்வதைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அது நகை அல்ல, அறுவைச் சிகிச்சை. மருத்துவப் பயிற்சி இல்லாதவர் அதில் கைவைக்கவே கூடாது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல், வாடிக்கையாளர் சம்மதித்திருந்தாலும்கூட அச்செயல் கடுங்காயம் விளைவித்த குற்றமாகும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. வேல்ஸ் நாட்டில் 2018 பிப்ரவரி முதல், 18 வயது நிறையாதவர்களுக்கு நாக்கில் குத்துவதே சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. நாக்கில் குத்துவதற்கு வயது வரம்பு வேண்டும் என்பதே என் கருத்தும்.

இறுதியாக, எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மேலே நான் குறிப்பிட்ட பெண், அந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறை வேறொரு பல் மருத்துவரிடம் போயிருக்கிறார். அந்த மருத்துவர் நகையைப் பார்த்ததும் கடிந்துகொண்டாரே தவிர, ஈறைச் சோதிக்கவில்லையாம். அதன் பிறகு, என்னிடம் வரும்வரை, அந்தப் பெண் எந்தப் பல் மருத்துவரிடமும் போகவில்லை. அந்த வயதில் ஒரு பிள்ளையைக் கடிந்துகொண்டால் அது நகையைக் கழற்றாது, நம்மிடம் வருவதைத்தான் நிறுத்தும். ஈறின் விளிம்பு நிற்கும் இடத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்து வைத்தால், இறக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். அப்போது அந்த எண்ணைக் காட்டிப் பேசினால் பெரும்பாலோர் தாமாகவே கழற்றிவிடுகிறார்கள். பெற்றோரிடம் மறைத்து அணிபவர்களும், மயக்க மருந்து கொடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் எம்ஆர்ஐ பரிசோதனைக்கு முன்பும் மருத்துவரிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். மயக்கத்தில் கழன்று விழும் குமிழ் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

இத்தகைய படக்கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று தங்களைக் கேட்கமாட்டேன். அடுத்த முறை வெளியிடும்போது, தாடைக்குக் கீழ் வீக்கம், விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகிய மூன்று அறிகுறிகளையும், நீளத் தண்டை மாற்ற வேண்டிய கால அளவையும் அதே பக்கத்தில், படிக்கக்கூடிய அளவு எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கான வாசகத்தை எழுதித் தரவும், சரிபார்த்துத் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாசகரான ஒரு பல் மருத்துவர்